நடு உத்திரம்

தோன்யா ஆனா
1850 மார்ச் 21

தம்பி சிப்ரியானோவுக்கு,

நீ ஆற்றைத் தாண்டிப் போய் இரண்டு நாள்தான் ஆகிறது. வண்டித் தடம்கூட இன்னும் அழியவில்லை, அதற்குள் கடிதமா என்று உன் பெண்டாட்டி பெத்ரா சிரிப்பாள். சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அத்தான் எழுதுகிறார். நான் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

(சொல்வதைத்தான் எழுதுகிறேன். - ஹசிந்தோ)

நேராகவே கேட்கிறேன். நாலு உத்திரம் எடுக்க வேண்டியவன் ஏன் ஐந்து எடுத்தாய்?

மரமே முளைக்காத பூமி இது. வீடு என்றால் உத்திரம்தான், மற்றதெல்லாம் வெறும் மண். அதனால்தான் நம் ஆட்கள் சுவரைப் பார்த்து வீட்டைப் பிரிக்காமல் உத்திரத்தை எண்ணிப் பிரிக்கிறார்கள். அப்பா போட்டது ஒன்பது. அவர் கண் மூடுவதற்கு முன்னால் என்ன சொன்னார்? நீயும்தான் கட்டில் காலடியில் நின்றாய். "நாலு அவளுக்கு, நாலு உனக்கு. நடுவுல கெடக்கறது ரெண்டு பேருக்கும் பொது. அதுல யாரும் கை வைக்காதீங்க." இரண்டு குளிர்காலம் மலைக்குப் போய் மாடு பூட்டி இழுத்து வந்தார் மனுஷன். கடைசி உத்திரத்தோடு திரும்பும்போது தொடையில் மலைவாசி அப்பாச்சிகள் எய்த அம்பும் சேர்ந்து வந்தது. அந்தக் கடைசி உத்திரம்தான் நடு உத்திரம்.

நான் மாவு அரைக்கப் போயிருந்தேன், இவர் வாய்க்கால் வெட்டில் இருந்தார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்திருக்கிறாய். என் அடுப்பு இருந்த மூலைக்கு மேலே இப்போது ஆகாயம் இருக்கிறது. அமெரிக்கக் கொடி பிடிக்கவில்லை என்றால் போ, உன் இஷ்டம். என் அடுப்பு என்ன பாவம் செய்தது?

நடு உத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போடு.

உன் அக்கா
நிக்கனோரா


மெசில்யா
1850 மே 16

அக்காவுக்கு, வாசித்துச் சொல்லப்போவது அத்தான் என்பதால் அத்தானுக்கும் சேர்த்து,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். அறுபது குடும்பம் வந்திருக்கிறது. வாய்க்காலுக்குக் கயிறு பிடித்து அளந்தாயிற்று, தேவாலயத்துக்கும் இடம் விட்டாயிற்று. நேற்று உழவர்களைக் காக்கும் புனித இசிதோர் திருநாளுக்கு அவர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வயலைச் சுற்றினோம். வயல் என்று சொல்ல முள்ளும் மணலும்தான் இருக்கிறது, ஆனாலும் சுற்றினோம். இது மெக்ஸிகோ மண். இங்கே படுத்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான் வேண்டும்.

ஏன் போனாய் என்று நீ கேட்கவில்லை. என்றாலும் சொல்கிறேன். பிராசிதோ என்ற இடத்து மணல்மேட்டில் பெத்ராவின் அண்ணன் அமெரிக்கர்கள் குண்டு பட்டு விழுந்து நாலு வருஷம் ஆகவில்லை. அடித்துப் பிடித்தார்கள். பிறகு எங்கேயோ ஓர் ஊரில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதி, ஆற்றுக்குக் கிழக்கே எல்லாம் எங்களுடையது என்றார்கள். அந்தக் கொடியைத் தினம் பார்த்துக்கொண்டு இவள் எப்படி ரொட்டி தட்டுவாள்? அத்தானுக்கு அது உறுத்தாது. கொடிக்கம்பத்தில் மாட்டைக் கட்ட முடியுமா என்று பார்க்கிறவர் அவர்.

(கட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் நிற்கிறது. - ஹசிந்தோ. இதை நிக்கனோரா எழுதச் சொல்லவில்லை. உன் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதி வைக்கிறேன், மனசு ஆறவில்லை.)

உத்திர விஷயம். சுவரிலிருந்து பிடுங்கினால் முனை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். சுவருக்குள் இருந்த பாகம் கறையான் தின்று பொடியாகக் கொட்டியது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் வெட்ட வேண்டியதாயிற்று. அப்பா போட்டது இருபத்துநாலு சாண், இப்போது இருபத்திரண்டு. அதற்குத் தகுந்தாற்போல இங்கே சுவரை நெருக்கிக் கட்டிவிட்டேன். இனி உன் வீட்டில் கொண்டுவந்து போட்டால் சுவரில் சரியாக உட்காராது. ஆகவே அந்தப் பேச்சை விடு.

சிப்ரியானோ


தோன்யா ஆனா
1851 ஆகஸ்ட் 9

சிப்ரியானோவுக்கு,

ஒரு வருஷம் நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் அப்பாவின் வீம்பு.

மூன்று நாளாக மழை. நாலாவது உத்திரத்தோடு சுவர் வைத்து மறித்துவிட்டோம். அடுப்பை உள்ளே இழுத்தால் புகையில் பையன்கள் இரண்டு பேரும் இருமுகிறார்கள், வெளியே விட்டால் ரொட்டிக்கல்லில் தண்ணீர் நிற்கிறது. மாட்டுத்தோலைக் கட்டி அதன் கீழே குனிந்து சமைக்கிறேன். முதுகு நிமிரவில்லை. உன் பாதி வீடு கூரை இல்லாமல் கரைந்துகொண்டிருக்கிறது. அப்பா பூசின சுவரில் இப்போது ஆடுகள் ஏறி நிற்கின்றன.

இவர் கோட்டையில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களின் குதிரைக்குப் புல் அறுத்துக் கொடுக்கிறார். நீ சிரிப்பாய் என்று தெரியும். சண்டை போட வந்தவனுடைய குதிரையும் குதிரைதானே, அதற்கும் பசிக்கும். நான் கொடியைத் தேர்ந்தெடுக்கவில்லை தம்பி. அம்மாவும் அப்பாவும் படுத்திருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கொடி அதுவாக வந்து தலைக்கு மேல் நின்றுகொண்டது.

உனக்குப் பெண் பிறந்து ஏழு மாதம் ஆகிறதாம். உப்பு விற்கிறவன் சொல்லித்தான் தெரியும். அத்தைக்காரி நான், உப்பு வாங்கப் போன இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். பெயர் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் அவனிடம் மேலே கேட்கவில்லை, அழுதுவிடுவேன் என்று இருந்தது.

நிக்கனோரா

(அழத்தான் செய்தாள். - ஹசிந்தோ)


மெசில்யா
1853 ஏப்ரல் 30

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒன்றரை வருஷமாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டி ஏதாவது சத்தியம் கேட்பார்கள்.

முதலில் நிலம் கொடுக்க வந்த அதிகாரி, "நான் மெக்ஸிகோ குடிமகன்" என்று சத்தியம் வாங்கினார். பயிர் வைத்து இங்கேயே இருப்பேன் என்று இரண்டாவது சத்தியம். இந்த மார்ச்சில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க கவர்னர் மெசில்யாவும் தன்னுடையதுதான் என்று காகிதம் அனுப்பிவிட்டார். எல்லைக் கோடு போட்டவர்கள் படத்தைத் தப்பாகப் பார்த்துப் போட்டுவிட்டார்களாம். உடனே சிவாவா மாகாணத்திலிருந்து நம் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். ஊரைக் காக்க வந்தவர்களுக்கு ஊர்தான் சோறு போட வேண்டும். என் மொச்சை மூட்டை இரண்டு போயிற்று. போகும்போது அவர்களும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள். சத்தியம் செய்து செய்து கை வலிக்கிறது அக்கா. நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று காலையில் எழுந்தால் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இப்போது முப்பத்தொரு வயது. கண்ணாடி பார்த்தால் அப்பா நிற்கிறார்.

குழந்தைக்குப் பெயர் நிக்கனோரா. போதுமா? உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று அத்தான் நினைப்பார் என்று இருந்துவிட்டேன். உன்னைப் போலவே பேசுகிறாள். நாள் முழுக்க "எனக்கு எங்கே, எனக்கு எங்கே" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சிப்ரியானோ


தோன்யா ஆனா
1854 ஆகஸ்ட் 2

என் அருமைத் தம்பிக்கு,

இந்தச் செய்தியை வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்வது நல்லது. உட்கார்ந்து படி.

நேற்று இவர் கோட்டைக்குப் புல் கொண்டுபோனார். அங்கே ஒரு சார்ஜென்ட் கொஞ்சம் நம் பேச்சு பேசுவான். அவன் சொல்லியிருக்கிறான்: "இனிமே ஆத்தத் தாண்டிப் போறதுக்குக் கேக்க வேண்டாம், அந்தப் பக்கமும் நம்மளுதுதான்." இவர் நம்பவில்லை. பாதிரியாரிடம் போய்க் கேட்டோம். அவருக்கும் கடிதம் வந்திருக்கிறது. உண்மைதான். இந்த முறை சண்டை இல்லை. மெக்ஸிகோ நகரத்தில் இருக்கிறவர்கள் விற்றுவிட்டார்கள். மெசில்யாவும் அதற்கு மேற்கே கண்ணுக்கு எட்டாத தூரமும் சேர்த்து ஒரு கோடி வெள்ளி. ரயில் பாதை போட இடம் வேண்டுமாம்.

நீ நடந்துபோய்ச் சேர்ந்த நாட்டை உன் காலடியிலிருந்தே உருவி விற்றுவிட்டார்கள். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காலையிலிருந்து ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைக்காதே. எனக்கு உடம்பெல்லாம் வலிக்கிறது.

நிக்கனோரா

(ஒரு வார்த்தை எழுத வந்தது மாப்பிள்ளை. எழுதாமல் விட்டிருக்கிறேன். - ஹசிந்தோ)


மெசில்யா
1854 நவம்பர் 20

அக்காவுக்கு,

நாலு நாளைக்கு முன்னால் கொடி ஏற்றினார்கள். எல்லாரையும் சந்தைத் திடலுக்கு வரச் சொன்னார்கள். வாத்தியம் வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள். எங்கள் கொடியை இறக்கியவன் அதை மடிக்கத் தெரியாமல் மடித்தான். பெத்ரா போய் வாங்கி, போர்வை மடிக்கிற மாதிரி மடித்துக் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அவர்கள் அதிகாரி ஏதோ படித்தார். மொழிபெயர்த்தவன் சுருக்கமாகச் சொன்னான்: "இருக்கறவங்க இருக்கலாம். புடிக்காதவங்க போகலாம்." என் பக்கத்தில் நின்ற கிழவர் சத்தமாகவே கேட்டார்: "எங்கடா போறது? போன எடம்தானேடா இது!" யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த ஒரு கோடியில் என் ஐந்து உத்திரத்துக்கு என்ன விலை போட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். எங்களை யாரும் கேட்கவில்லை. மலையில் இருக்கிற அப்பாச்சியையும் கேட்கவில்லை. நம் அப்பாவைக் கேட்டால், அந்த மரத்தை வெட்டும்போது நாமும்தான் அவர்களைக் கேட்கவில்லை என்பார்.

நான் போகப்போகிறேன். பனி விட்டதும் உத்திரங்களை இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே, இன்னும் மெக்ஸிகோவிலேயே இருக்கும் ஹானோஸ் ஊருக்கு. வண்டியில் எட்டு நாள். அந்தப் பாதை எப்படிப்பட்டது என்று நீ சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். பெத்ரா மறுபடி முழுகாமல் இருக்கிறாள், அதுவும் தெரியும். ஆனால் ஒரு முறை நடந்தவன் பாதியில் நின்றால், முதலில் நடந்ததே வீண் என்று ஆகிவிடும்.

சிப்ரியானோ


தோன்யா ஆனா
1854 டிசம்பர் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை இவரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை இவர் கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இவரா என்று கேட்காதே, இவர்தான்.

ஹானோஸ் பாதையில் போன வருஷம் போன ஏழு வண்டியில் நாலுதான் போய்ச் சேர்ந்தது. அப்பா ஒரு மரத்துக்காக அம்பு வாங்கினார். நீ எதற்காக வாங்கப்போகிறாய்? ஹானோஸையும் அடுத்த வருஷம் விற்றுவிட்டால்? அதற்குப் பிறகு எங்கே போவாய், கடலுக்குள்ளா? அந்தப் பெரிய மனுஷர்களுக்குக் கோடு போட ஒரு மைக்கூடு போதும். நீ வண்டி கட்டி, மாடு பூட்டி, வாயும் வயிறுமாக இருக்கிறவளை மூட்டைமேல் உட்காரவைத்து அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். அது உன் மாட்டைவிட வேகமாகப் போகிறது.

ஐந்து வருஷமாக நடு உத்திரம், நடு உத்திரம் என்று உன் உயிரை எடுத்தேன். இன்று சொல்கிறேன், அது உனக்கே இருக்கட்டும். அப்பாவிடம் மேலே போய் நான் பேசிக்கொள்கிறேன். நீ மட்டும் போகாதே. எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? என் பெயர் வைத்த குழந்தையின் முகத்தை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நிக்கனோரா

(ஒரு ஆள் இங்கேயே இருக்கிறேன், யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். பரவாயில்லை, அப்படியே எழுதிவிட்டேன். - ஹசிந்தோ)


மெசில்யா
1855 பிப்ரவரி 25

அக்கா,

கூரையைப் பிரித்துவிட்டேன். போன வாரமே ஐந்தையும் இறக்கிவிட்டேன். இப்போது ஆட்டுப்பட்டியில்தான் தூங்குகிறோம்.

முனை மறுபடி போயிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் வெட்டினேன். இருபத்துநாலு இருபத்திரண்டானது, இப்போது இருபது. நாலு மரத்தை வெட்டி முடித்து, கடைசியாக நடு உத்திரத்தையும் வெட்டிவிட்டு நிமிர்ந்தேன். பெத்ரா வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருடி என்றேன். எழுந்திருக்கவில்லை.

"நாடு மாறுறப்பல்லாம் நீ மரத்த வெட்டுற. இன்னும் ரெண்டு நாடு மாறினா நாம நின்னுக்கிட்டேதான் தூங்கணும்" என்றாள்.

"ஒங்கண்ணனுக்காகத்தானே வந்தேன்" என்றேன்.

"எங்கண்ணன் செத்தான். அவன் எந்த நாட்டுலயும் இல்ல. அவனத் தேடி நீ எங்க போற?"

அவ்வளவுதான் சொன்னாள். சின்ன நிக்கனோராவும் வந்து அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அந்த மரத்தைத் தூக்கத் தெம்பு இல்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பொழுது சாயும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணத் தெரியாமல் எடுக்கவில்லை நான். நடு உத்திரத்தைத் தூக்கினால் உன் அடுப்பு திறந்து போகும் என்று தெரிந்தேதான் தூக்கினேன். கூரை இல்லாமல் நீ எத்தனை நாள் இருப்பாய், திட்டிக்கொண்டே பின்னால் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். தனியாகப் போகப் பயமாக இருந்தது அக்கா. அத்தான் எதிரில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கொடியைப் பற்றிப் பேசினேன்.

இப்போது அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் முடியாது. உன் வீட்டின் உள் அகலம் இருபது சாண். மரமும் இருபது. சுவருக்குச் சுவர் சரியாக இருக்கும், ஆனால் சுவரின் மேல் உட்கார ஒரு விரல்கூட மிச்சம் இல்லை. இங்கே திரும்பப் போட்டாலும் அதே கதைதான், சுவரை இடித்துக் கட்ட வேண்டும். ஹானோஸுக்கும் போகவில்லை, இங்கேயும் இருக்கவில்லை. ஐந்து மரமும் தரையில் கிடக்கின்றன. என்ன செய்வது என்று நீயே சொல்.

சிப்ரியானோ


தோன்யா ஆனா
1855 மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இது. நீ போன அன்று நான் பின்னால் வந்தேன். மாவு மூட்டையை வாசலில் போட்டுவிட்டு, கூரையைப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே ஓடி வந்தேன். நீ நினைத்தது சரிதான். ஆற்றங்கரை வரைக்கும் வந்துவிட்டேன். உன் வண்டி அந்தக் கரையில் ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிட வாயைத் திறந்தேன், காலையில் அடுப்பில் மொச்சையை வைத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன். ஐந்து வருஷமாக அந்த மொச்சையை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

(இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பேனாவை வைத்துவிட்டு, வெளியே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். - ஹசிந்தோ)

இனி தாமதத்துக்குக் காரணம். உன் கடிதம் வந்த மறுநாள் இவர் புல் அறுக்கப் போகவில்லை. உன் பாதி வீட்டில் நின்ற ஆடுகளை விரட்டிவிட்டு ஒரு கோலை எடுத்து அளந்துகொண்டிருந்தார். "என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "மரம் வளராது. செவுரு வளரும்" என்றார். அன்றிலிருந்து நானும் பையன்களும் மண் மிதிக்கிறோம். அப்பா கட்டின சுவருக்கு உள்பக்கமாக, அதை ஒட்டியே இரண்டு பக்கமும் புதுச் சுவர் எழுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றும் இரண்டு சாண் கனம். என் நாலாவது உத்திரத்தில் ஆரம்பித்து உன் கடைசி உத்திரம் கிடந்த இடம் வரைக்கும். இருபது சாண் மரம் அதில் நன்றாக உட்காரும். உள்ளே பதினாறு சாண்தான் இருக்கும், இடுக்கம்தான். குழந்தைகள் கால் நீட்டினால் உன் முகத்தில் படும். இருந்தாலும் நின்றுகொண்டு தூங்க வேண்டியதில்லை என்று பெத்ராவிடம் சொல்.

இங்கேயும் அந்தக் கொடிதான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அங்கேயும் அதுதான். எனக்கு அதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. அடுப்பை மறுபடி பழைய மூலைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். மேலே இன்னும் ஆகாயம்தான்.

மழைக்கு முன்னால் வா.

நிக்கனோரா

(மாப்பிள்ளை, சுவர் காய இன்னும் பத்து நாள் ஆகும். நான் புல் அறுப்பவன், கொடிக்கம்பத்தில் மாடு கட்டுபவன், எல்லாம் சரிதான். ஐந்து உத்திரத்தையும் என்னால் தனியாக ஏற்ற முடியாது. நடு உத்திரத்தை முதலில் ஏற்றுவோம். நீ வந்து அந்தப் பக்கம் பிடி. - ஹசிந்தோ)